மீனுக்குள் மஞ்சள் மணிகள்

பாறைமடுவில் வஞ்சி என்ற நீர்நாய் தன் இரண்டு குட்டிகளோடு வாழ்ந்துவந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடை காட்டின் நடுவில் தேங்கி நிற்கும் இடம் அது. ஒரு கரையில் அகலமான கரும்பாறை. மறுகரையில் மருத மரங்கள். மரங்களின் உச்சியில் நாரைகளின் கூடுகள். தண்ணீரில் கெண்டையும் கெளுத்தியும் விராலும் ஏராளம். காட்டில் யாருக்குப் பசித்தாலும் கால் தானாகப் பாறைமடுப் பக்கம் திரும்பும்.

வஞ்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடித்த மீனை அப்படியே விழுங்காது. பாறைமேல் போட்டு, வயிற்றைக் கிழித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தின்னும்.

"மீனுக்குள்ளே அப்படி என்னதான் தேடுறே?" என்று மற்றவை சிரிக்கும்.

"எதையும் தேடலை. என்ன இருக்குன்னு பார்க்கிறேன்!" என்று வஞ்சியும் சிரிக்கும்.

ஒரு மீனுக்குள் முட்டைச்சரம் இருக்கும். இன்னொன்றுக்குள் அது விழுங்கிய இறால் அரைகுறையாகக் கிடக்கும். ஒரு முறை விராலின் வயிற்றில் முழுத் தவளையே இருந்தது. வஞ்சிக்கு ஒவ்வொரு மீனும் ஒரு புதுச் செய்தி.

சித்திரை மாதம். வெயிலில் மடு பாதியாகச் சுருங்கியிருந்தது. வஞ்சி ஒரு நல்ல கெண்டையைப் பிடித்துப் பாறைமேல் கொண்டுவந்து கிழித்தது. வயிறு சுத்தமாக இருந்தது. ஆனால் செவுளுக்குப் பின்னால், சதைக்குள், மஞ்சள் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. கம்பு மணியைத் தூவினாற்போல் இருந்தது.

வஞ்சி ஒரு மணியை நகத்தால் நோண்டி எடுத்து மெல்லக் கீறியது. உள்ளேயிருந்து வெளுத்த நாக்குப் போல ஒன்று வெளியே வந்தது. பாறைமேல் நீண்டது. சுருங்கியது. நெளிந்தது.

"அட! இதுக்கு உயிர் இருக்கே!"

"அம்மா, பசிக்குது!" என்று குட்டிகள் ஓடிவந்தன.

"இதைத் தொடாதீங்க. நண்டு பிடிச்சுத் தர்றேன்."

"ஏன்? நல்ல மீனுதானே?"

"நல்ல மீனுதான். ஆனா இதுக்குள்ள வேற யாரோ குடியிருக்காங்க!"

வஞ்சி இன்னும் மூன்று மீன் பிடித்துப் பார்த்தது. மூன்றிலும் மணிகள். ஒன்றின் வால் பக்கம் மட்டும் பதினான்கு எண்ணியது. உடனே நாரைத் தலைவரைத் தேடிப் போனது.

பாறைமடுவில் நெடுமுடி என்ற சாம்பல் நாரை சொன்னதே தீர்ப்பு. நெட்டையான உருவம். தலைக்குப் பின்னால் கறுத்த கொண்டை. பேசத் தொடங்கும் முன் எப்போதும் கழுத்தை உயர்த்தி, "க்ர்ர்ம்! க்ர்ர்ம்!" என்று செருமும். பிறகு அலகைத் தண்ணீரில் முக்கிக் கொப்பளிக்கும். அது பெரியவர்களுக்கு உரிய தோரணை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். நெடுமுடிக்கு எடுபிடியாக இருந்த நீர்க்காகமும் இப்போதெல்லாம் அதே மாதிரிதான் செருமியது.

"ஐயா, மீனுக்குள்ள மஞ்சளா மணி மணியா இருக்கு. என்னன்னு தெரியலை" என்றது வஞ்சி.

"க்ர்ர்ம்! அது கொழுப்பு. கோடையில மீன் கொழுக்கும்."

"கொழுப்பு நெளியுமா ஐயா?"

"என்னது!"

"கீறினா நெளியுது. நீண்டு சுருங்குது. நானே பார்த்தேன்."

"பெரியவர் சொன்னதுக்கு எதிர்க்கேள்வியா?" என்று நீர்க்காகம் இறக்கையை விரித்துக்கொண்டு வந்தது. "நாங்க தினமும் இருபது மீன் விழுங்கறோம். ஒரு மணியையும் பார்த்ததில்லையே!"

"முழுசா விழுங்கினா எப்படித் தெரியும்?" என்று வஞ்சி கேட்டது. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அதற்கு அந்தச் சந்தேகம் வந்துவிட்டது.

நெடுமுடி பதில் சொல்லும் முன்பே மரத்தின் மேலிருந்து அதன் மனைவி மருதாயி கூப்பிட்டது.

"என்னங்க! அந்த நீர்நாய் சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க. நம்ம குஞ்சுங்க ரெண்டும் நாலு நாளா இருமுதுங்க. மீனை ஊட்டினா பாதியைக் கக்கிடுதுங்க. எனக்குப் பயமா இருக்கு!"

நெடுமுடியின் முகம் மாறியது. தலைவராக நின்ற நாரை ஒரு நொடியில் தகப்பனாகிவிட்டது.

"அப்படின்னா யாரோ நம்ம மீனைக் கெடுக்கிறாங்க. யாருன்னு தெரியணும். கூப்பிடுங்க எல்லாரையும்!"

அன்று மாலையே கரும்பாறையில் கூட்டம் கூடியது. நண்டும் ஆமையும் தவளையும் மீன்கொத்தியும் வந்தன. கிழிந்த கெண்டையை வஞ்சி நடுவில் வைத்தது. எல்லோரும் எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்கள்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று நீர்க்காகம் கத்தியது. "தண்ணிக்கு அடியில சேத்துல புரள்றது யாரு? போற இடமெல்லாம் கொழகொழன்னு எச்சிலை விட்டுட்டுப் போறது யாரு? நத்தைங்கதான்!"

"ஆமாம், ஆமாம்! நத்தைதான்!" என்று கூட்டம் முழங்கியது.

நத்தைகளின் சார்பில் சுருளி வந்திருந்தது. கூட்டம் கூடிய இடத்துக்கு அது வந்து சேர்வதற்குள் பாதிப் பேச்சு முடிந்துவிட்டது. கொம்புகளை நீட்டி எல்லோரையும் பார்த்தது.

"நீதானே செஞ்சே?" என்றது நெடுமுடி.

"செய்யலைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன் ஐயா" என்றது சுருளி.

"அப்போ ஒத்துக்கிறியா?"

"அதுவும் இல்லை. நான் செஞ்சேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. என் உடம்புக்குள்ள என்ன இருக்குன்னு நான் பார்த்ததில்லை. ஆனா தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்கு!"

இப்படி ஒரு பதிலை யாரும் எதிர்பார்க்கவில்லை. வஞ்சிக்கு மட்டும் அந்த நத்தையை உடனே பிடித்துப்போனது.

"ஐயா, ஒரு மாசம் பொறுங்க. நான் சோதிச்சுப் பார்க்கிறேன்" என்று வஞ்சி கேட்டது. நெடுமுடி தலையை ஆட்டியது.

கரும்பாறையின் மேல்பக்கத்தில் இயற்கையான குழிகள் பல இருந்தன. மலைக்கசிவு சொட்டுச் சொட்டாக வந்து அவற்றை நிரப்பும். மடுவின் தண்ணீர் அங்கே ஏறாது. வஞ்சி இரண்டு குழிகளைத் தேர்ந்தெடுத்தது. முட்டையிலிருந்து வந்து ஒரு நாள்கூட ஆகாத கெண்டைப் பொடிமீன்களை இரண்டிலும் விட்டது. ஒரு குழியில் பொடிகள் மட்டும். இன்னொன்றில் பொடிகளோடு சுருளி.

ஒரு மாதம் சுருளி அந்தக் குழியிலேயே கிடந்தது. நடுப்பகலில் தண்ணீர் சுடும். வஞ்சி வாயில் ஈரப்பாசி கொண்டுவந்து நிழல் போடும். அப்படியே பக்கத்தில் படுத்துக்கொண்டு பேசும்.

"ஏன் சுருளி, ஓட்டுக்குள்ள போனா உள்ளே இருட்டா இருக்குமா?"

"இருட்டு இல்லை அக்கா. வெயில் அடிச்சா உள்ளே செவப்பா தெரியும். சரி, நீ மூச்சை அடக்கிட்டு முங்கறியே, காதுக்குள்ள தண்ணி போகாதா?"

"காதை மூடிக்குவேன்!"

"அட! அப்படியெல்லாம் மூட முடியுமா?"

இப்படியே ஒன்றைப் பற்றி ஒன்று கேட்டுக் கேட்டு இரண்டும் சிநேகமாகிவிட்டன.

மாதம் முடிந்தது. வஞ்சி தனிக் குழியிலிருந்து ஒரு மீனை எடுத்துக் கிழித்தது. சுத்தமாக இருந்தது. சுருளியின் குழியிலிருந்து ஒன்றை எடுத்துக் கிழித்தது. பிறகு அதை மறுபடியும் புரட்டிப் பார்த்தது.

"என்ன அக்கா?"

பொய் சொல்லிவிடலாமா என்றுகூட வஞ்சிக்கு ஒரு நினைப்பு வந்துபோனது.

"சொல்லு அக்கா. பொய் சொல்லறதா இருந்தா, ஒரு மாசம் இந்தக் கொதிக்கிற குழியில நான் எதுக்குக் கிடந்தேன்?"

"இருக்கு சுருளி. நாலு மணி இருக்கு."

சுருளி மெதுவாக ஓட்டுக்குள் போனது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "அப்போ நான்தானா?"

செய்தி கேட்ட நெடுமுடி தாமதிக்கவில்லை. நீர்க்காகத்தைக் கூப்பிட்டது. "தெற்கே பறந்து போ. ஏரிக்கரையில நத்தைகுத்தி நாரைங்க இருக்காங்க. பாறைமடுவில ஒரு நத்தைகூட மிச்சம் இல்லாம தின்னுட்டுப் போகச் சொல்லு!"

நத்தைகுத்தி நாரைகளுக்கு நத்தைதான் சோறு. இரண்டு நாளில் நீர்க்காகம் பதிலோடு திரும்பி வந்தது. "ஐப்பசியில முதல் மழை விழுந்ததும் வந்துடறோம்னு சொன்னாங்க! முப்பது பேர் வருவாங்களாம்!"

மடுவிலிருந்த நத்தைகள் எல்லாம் நடுங்கின. தப்பிக்கலாம் என்றால் எங்கே போவது? நத்தை நடந்து அடுத்த ஓடைக்குப் போய்ச் சேர ஐந்து வருடம் ஆகும்.

ஆனால் சுருளி அழவில்லை. அதன் கொம்புகள் வழக்கத்தைவிட நீளமாக நீட்டிக்கொண்டிருந்தன.

"அக்கா, ஒரு சந்தேகம். என்கிட்ட இருந்து மீனுக்குப் போச்சு. சரி. என்கிட்ட எப்படி வந்துச்சு? நான் பிறக்கும்போதே கூட வந்துச்சா, இல்லை யாராவது கொடுத்தாங்களா?"

வஞ்சி எழுந்து உட்கார்ந்தது. "இதை நான் யோசிக்கவே இல்லையே!"

"இந்தக் குழியில நான் முட்டை போட்டிருக்கேன். பாசியில ஒட்டியிருக்கு பார். என் பிள்ளைங்க மடுத் தண்ணியை இன்னும் தொட்டதே இல்லை. அதுங்ககிட்டயும் இருந்தா, நாங்க பிறவிக் குற்றவாளிங்க. இல்லைன்னா..."

"வேற யாரோ இருக்காங்க!" என்று வஞ்சி துள்ளிக் குதித்தது.

முட்டையோடு சேர்த்துப் பாசியை எடுத்து, சுத்தமான வேறு இரண்டு குழிகளில் வைத்தது வஞ்சி. ஒன்று கிழக்குப் பக்கம். மற்றொன்று மேற்குப் பக்கம். வெயிலில் ஒன்று வற்றிப்போனாலும் மற்றது இருக்கட்டும் என்பதுதான் எண்ணம். முட்டைகள் பொரிந்து கடுகு கடுகாக நத்தைக் குஞ்சுகள் வந்தன. அவை கொஞ்சம் வளர்ந்ததும் இரண்டு குழிகளிலும் புதுக் கெண்டைப் பொடிகளை விட்டது.

ஆடி மாதம் வந்தது. வஞ்சி ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு மீனை எடுத்துக் கிழித்தது. இரண்டும் சுத்தம். ஒரு மணிகூட இல்லை!

"பிறவியில இல்லை! பிறவியில இல்லை!" என்று வஞ்சி மடுவைச் சுற்றி ஓடியது.

நெடுமுடி நம்பவில்லை. "என் கண்ணால பார்க்கணும்" என்று நீர்க்காகத்தோடு பாறைமேல் ஏறி வந்தது. கிழக்குக் குழியின் ஓரத்தில் நின்று குனிந்து பார்த்தது. நத்தைக் குஞ்சுகளைப் பார்த்தது. நீந்தும் பொடிகளைப் பார்த்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தது. அதற்குள் தொண்டை அரித்தது.

"க்ர்ர்ம்! க்ர்ர்ம்!"

வழக்கம்போல அலகைத் தண்ணீரில் முக்கி, நன்றாகக் கொப்பளித்து, அந்தக் குழியிலேயே உமிழ்ந்தது.

"ஒரு மாசம் போதாது. குஞ்சு நத்தைதானே! வளரட்டும். நத்தைகுத்திங்க வர்ற அன்னைக்கு எல்லார் முன்னாலயும் கிழிச்சுப் பார்ப்போம். அதுதான் கடைசித் தீர்ப்பு!"

ஆவணி போயிற்று. புரட்டாசியும் போயிற்று. ஐப்பசி பிறந்து நான்காம் நாள் காலையில் தெற்கே மேகம் கறுத்தது. இரண்டு தூறல் விழுந்தது. சொன்ன சொல் தவறாமல் முப்பது நத்தைகுத்தி நாரைகளும் வந்து இறங்கின. மருத மரங்களில் இடம் போதவில்லை. அவற்றின் அலகுகள் மூடினாலும் நடுவில் இடைவெளியோடு நிற்கும். நத்தையை அந்த இடைவெளியில் பிடித்துத்தான் ஓட்டை விட்டு இழுக்கும். அந்த அலகுகளைப் பார்த்தே நத்தைகளுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

கரும்பாறையில் கூட்டம் கூடியது. வஞ்சி மேற்குக் குழி மீனைக் கிழித்தது. சுத்தம். கூட்டத்தில் சலசலப்பு. கிழக்குக் குழி மீனைக் கிழித்தது.

செவுளுக்குப் பின்னால் மூன்று மஞ்சள் மணிகள்.

"இருக்கு! இருக்கு!" என்று நீர்க்காகம் குதித்தது. "பிறவியிலேயே இருக்கு! ஆரம்பிங்க!"

நத்தைகுத்தி நாரைகள் தண்ணீரை நோக்கி ஓரடி எடுத்து வைத்தன.

"நில்லுங்க!" என்று கத்தியது வஞ்சி. "ஒரு குழியில இருக்கு. இன்னொரு குழியில இல்லை. ஏன்? எனக்கு அது தெரிஞ்சாகணும்!"

"ஒரே அம்மா பிள்ளைங்கதான்" என்று சுருளி கீழேயிருந்து சொன்னது. "ஒரே கசிவுத் தண்ணி. ஒரே பாசி."

"வெயிலும் ஒண்ணுதான். நான் ரெண்டுலயும் வாயே வைக்கலை" என்று வஞ்சி யோசித்தது. "அந்தக் குழிக்கு மட்டும் நடந்தது என்ன? கிழக்குக் குழிக்கு மட்டும்..."

சட்டென்று நிறுத்தியது. அதன் மீசை முடிகள் விறைத்தன. மெல்லத் திரும்பி நெடுமுடியை நிமிர்ந்து பார்த்தது. அந்த நீண்ட அலகு ஒரே குத்தில் ஒரு நீர்நாயின் கண்ணைப் பறித்துவிடும். வஞ்சிக்கு அது நன்றாகத் தெரியும். பின்னால் அதன் குட்டிகள் இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

"ஐயா" என்றது வஞ்சி. "கோவிச்சுக்காதீங்க. அந்தக் குழியில கொப்பளிச்சது நீங்க ஒருத்தர்தான். தயவுசெஞ்சு வாயைத் திறந்து காட்டுங்க."

"யாரைப் பார்த்து என்ன பேசுறே!" என்று நீர்க்காகம் சீறியது.

நெடுமுடியின் கொண்டை சிலிர்த்து எழுந்தது. "என் வாயையா? இந்த மடுவுக்கு நாலு தலைமுறையா தீர்ப்புச் சொன்ன வாயையா?"

"முதல்ல என் வாயைப் பாரு!"

குரல் மறுகரை மரத்திலிருந்து வந்தது. மருதாயி கூட்டிலிருந்து பறந்து வந்து வஞ்சியின் முன் நின்றது.

"என்னங்க, செருமறதை நீங்க பெருமைன்னு சொல்லிக்கிட்டிருக்கீங்க. பக்கத்துல படுக்கிற எனக்குத் தெரியாதா அது அரிப்புன்னு? எனக்கும் அரிக்குது. பிள்ளைங்களுக்கும் அரிக்குது. வெளியே சொன்னா கௌரவம் போயிடும்னு இத்தனை நாள் வாயை மூடிக்கிட்டிருந்தோம். போதும்!"

மருதாயி அலகை அகலத் திறந்தது. வஞ்சி எட்டிப் பார்த்தது. சிவந்த தொண்டைச் சதையில் குட்டி அட்டைகளைப் போல ஐந்தாறு புழுக்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. மீனுக்குள் பார்த்ததைவிடக் கொழுத்திருந்தன. ஆனால் அந்த நெளிவை வஞ்சி மறக்குமா?

"அதேதான். மீனுக்குள்ள சுருண்டு கிடந்ததுதான் இங்கே வளர்ந்து நிக்குது."

நெடுமுடி மனைவியின் தொண்டைக்குள் பார்த்தது. தளர்ந்த நடையாக மடுவின் ஓரத்துக்குப் போய், அசையாத தண்ணீரில் குனிந்தது. அந்தத் தண்ணீரில் ஆயிரம் தடவை தன் கொண்டை அழகைப் பார்த்திருக்கிறது. வாயைத் திறந்து பார்த்தது அன்றுதான். நிழலில் தெரிந்ததைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றது.

வெகுநேரத்துக்குப் பிறகு திரும்பி வந்தது.

"பாரும்மா வஞ்சி" என்று அலகைத் திறந்தது. முதல் தடவையாக அது செருமாமல் பேசியது.

வஞ்சி பார்த்தது. எண்ணியது. பத்தொன்பது.

"ஐயா, எனக்கு இப்போ விளங்குது. இந்தப் புழு உங்க தொண்டையில முட்டை போடுது. நீங்க கொப்பளிக்கும்போது முட்டை தண்ணிக்குப் போகுது. தண்ணியில பொரிஞ்சு நத்தைக்குள்ள புகுந்துக்குது. நத்தையை விட்டு வெளியேறி மீனுக்குள்ள போய்ச் சுருண்டுக்குது. அந்த மீனை முழுசா விழுங்கறீங்க. மறுபடியும் உங்க தொண்டைக்கே வந்துடுது!"

"அப்படின்னா இதை ஆரம்பிச்சது யாரு?" என்று ஆமை கேட்டது.

"வட்டத்துக்கு ஏது ஆரம்பம்?" என்றது சுருளி. "எங்கே அறுக்கலாம்னு கேளுங்க."

"நத்தைங்களைத் தின்னா அறுந்துடாதா?" என்று நீர்க்காகம் விடாமல் கேட்டது. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

"அடுத்த வெள்ளத்துல புது நத்தை வரும். பாசியைத் தின்ன ஆள் இல்லாம அதுக்குள்ள மடுவே நாறிப்போயிருக்கும். ஐயா தொண்டை அப்படியே இருந்தா, புது நத்தைக்கும் இதே கதிதான். இங்கேதான் அறுக்கணும்" என்று வஞ்சி தன் பாதத்தை நெடுமுடியின் அலகுக்கு நேராக நீட்டியது. "ஐயா, என் கையை உள்ளே விடணும். நீங்க மூடிட்டா என் கை போச்சு. நான் தவறினா உங்க தொண்டை போச்சு."

நெடுமுடி கண்களை மூடிக்கொண்டது. அலகை மட்டும் இன்னும் அகலத் திறந்தது.

வஞ்சி ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளி எடுத்தது. எடுத்ததைத் தண்ணீர்ப் பக்கம் போடாமல் காய்ந்த பாறையின் உச்சியில் போட்டது. தூறல் நின்று வெயில் வந்திருந்தது. புழுக்கள் சிறிது நேரத்தில் சருகாகச் சுருண்டன. பத்தொன்பதாவது வெளியே வந்தபோது நெடுமுடியின் கண்ணில் நீர் வழிந்தது. வலியா, வெட்கமா, நிம்மதியா? அதற்கே தெரியவில்லை. பிறகு மருதாயி வந்தது. குஞ்சுகள் வந்தன. நீர்க்காகம் கடைசியாக, யாரும் பார்க்காத நேரம் பார்த்து வந்து நின்றது.

"உனக்குமா?" என்றது வஞ்சி.

"எட்டு மாசமா!" என்று நீர்க்காகம் முணுமுணுத்தது. "நான் தோரணைக்காகச் செருமறேன்னு எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்படியே விட்டுட்டேன்."

அன்று நெடுமுடி ஒரு புது விதி சொன்னது. இனி யாருக்கு அரித்தாலும் மறைக்கக் கூடாது. கொப்பளித்து உமிழ்வது மடுவில் இல்லை. ஓடையை விட்டு விலகியிருக்கும் ஒரு வறண்ட குழியில். மீனைக் கிழித்துப் பார்க்காமல் குஞ்சுகளுக்கு ஊட்டக் கூடாது. மணி இருந்தால் தண்ணீரில் வீசாமல் சுடுபாறையில் போட வேண்டும்.

பிறகு அது சுருளியின் முன் தலையைத் தாழ்த்தியது. நெட்டைக் கழுத்து தரையைத் தொட்டது.

"உன் குலத்தையே அழிக்கப் பார்த்தேன். மன்னிச்சுடு."

"நானும் அந்தப் புழுவைச் சுமந்துதானே திரிஞ்சேன் ஐயா. உங்களுக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை" என்றது சுருளி. "ஆனா தெரிஞ்சுக்கிறதுக்கு நீங்க வாயைத் திறந்தீங்களே, அது பெரிசு!"

இத்தனையும் நடந்துகொண்டிருக்க, முப்பது நத்தைகுத்தி நாரைகளும் பசியோடு நின்றுகொண்டிருந்தன. அவற்றின் தலைவி முன்னால் வந்தது.

"இவ்வளவு தூரம் கூப்பிட்டீங்களே, எங்களுக்கு என்ன பதில்?"

"தப்பு என்னோடதும்மா" என்றது நெடுமுடி. "வயக்காட்டுப் பக்கம் உங்களுக்கு வேண்டிய நத்தை இருக்கு. வழி காட்ட நானே கூட வர்றேன். இந்த மடுவை விட்டுடுங்க."

தலைவி உடனே கிளம்பவில்லை. வஞ்சியையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டது.

"ஏம்மா, எங்க வாய் மூடினாலும் திறந்துதான் கிடக்கும். ஆனா நாங்களும் உள்ளே பார்த்துக்கிட்டதில்லை. ஒரு தடவை பார்த்துச் சொல்லேன்!"

முப்பது நாரைகளும் பாறைமேல் வரிசையாக நின்று அண்ணாந்து வாயைத் திறந்தன. வஞ்சிக்கு அன்று பொழுது சாயும்வரை வேலை இருந்தது.

மணிகள் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. மாசி மாதம் பிடித்த மீன்களில் பத்துக்கு ஐந்தில் இருந்தன. அடுத்த மாசியில் பத்துக்கு ஒன்றில்கூட இல்லை. ஆனாலும் பாறைமடுவில் இன்றுவரை யாரும் மீனைத் திறந்து பார்க்காமல் தின்பதில்லை.

ஊரெல்லாம் குற்றவாளியைத் தேடப் புறப்படுகிறவர், முதலில் தம் வாயைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.